வேதியர் ஒழுக்கமும் ஞானோபதேசப் பயிற்சியும்

தென்பாண்டிச் சிற்றூர்களில் கிறித்தவரை 'வேதக்காரர்' என்றும், அவர்தம் கோயிலை 'வேதக்கோயில்' என்றும், அச்சமயம் புகுதலை 'வேதத்திற் சேர்தல்' என்றும் வழங்கும் வழக்கு உண்டு. வேதம் என்னும் சொல் இங்ஙனம் சமயப் பொதுப்பெயராய் விரிந்தவாறே, 'வேதியர்' என்னும் சொல்லும் புதியதொரு பொருள் ஏற்றது. தேவாரம் சிவபெருமானையே வேதியன் என விளிக்கும். மறையோதும் அந்தணர்க்கும் அச்சொல் உரியதாயிற்று. கத்தோலிக்கக் கிறித்தவரிடையேயோ, குருப்பட்டம் பெறாதவராய், ஊரூராகச் சென்றும் தங்கியும் சிறுவர் முதல் முதியோர் ஈறாக அனைவர்க்கும் சமயநெறி கற்பித்த பொதுநிலையினரை அது குறித்தது. சீர்திருத்தச் சபையார் இவரையே 'உபதேசியார்' என்றனர். அவருக்கு மேல் நின்ற பட்டம் பெற்ற குருவைத் திருநெல்வேலிச் சீமையில் 'ஐயர்' என அழைப்பர். கடற்கரைப் பகுதியிலோ இவ்விரு சொற்களுக்கும் முன்னர் வழங்கிய பெயர் 'கணக்கப்பிள்ளை' என்பது. ஊர்க்கணக்கு எழுதியவரே ஓதுவிப்பவரும் ஆயினமையின் இப்பெயர் எய்தியது போலும்.

இம்மூன்று பெயர்களும் ஒருவகைப் பணியையே சுட்டினும், அப்பணிக்கு ஆளை ஆயத்தம் செய்த முறை மூன்றும் வேறு வேறு. திருச்சபை வரலாறு எழுதினோர் பெரும்பாலும் மேனாட்டுக் குருமாரின் பயணங்களையும் அவர் கட்டிய கோயில்களையும் விரித்துரைத்து, நாட்டு ஆசிரியரை ஒரு வரியில் விடுத்தனர். இலக்கிய வரலாறு எழுதினோரோ வேதியர்க்கென எழுந்த நூல்களை உரைநடை வளர்ச்சிக்குச் சான்றாகக் காட்டி, அவை எதற்காக எழுந்தன என்பதை நோக்கிலர். எல்லா வயதினர்க்கும் கற்பிக்கவல்ல ஒருவரை ஆக்குதல் எங்ஙனம் என்னும் வினாவை முன்வைத்து அந்நூல்களையும் அவற்றின் சூழலையும் ஈண்டு நோக்குவாம். தமிழ் பயில்வோர்க்கு இதனால் ஆவதென்னை எனின், இற்றைத் தமிழுரைநடையின் வேர்களுள் ஒன்று இப்பயிற்சியில் உள்ளது என்பதே விடையாம்.

முத்துக்குளித்துறையில்

1542ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிசு சவேரியார் தமிழறியார். தமிழும் போர்த்துக்கேயமும் ஒருங்கறிந்த சிலரைக் கூட்டி, மன்றாட்டுகளையும் விசுவாச அறிக்கையையும் கட்டளைகளையும் தமிழிற் பெயர்ப்பித்து, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்தார். பின்னர் மணியொலித்துக்கொண்டு தெருவிற் சென்று மக்களைக் கூட்டினார். இச்செய்திகளை அவர் 1544ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எழுதிய மடல் தெரிவிக்கின்றது. அம்மடலில் எம் கருத்தைக் கவர்வது பிறிதொன்று. சிறுவர்களிடம், தாம் கற்றதை இல்லஞ்சென்று பெற்றோர்க்கும் வீட்டார்க்கும் அண்டை அயலார்க்கும் கற்பிக்குமாறு அவர் பணித்தார். நோயுற்றார் இல்லங்களுக்குத் தாம் செல்லவியலாத போழ்து அச்சிறுவர்களையே அனுப்பி மன்றாட்டுக் கூறச் செய்தார். ஞாயிறுதோறும் ஆடவர், பெண்டிர், சிறார் அனைவரும் ஒருங்கே கூடி ஓதினர். கல்வி பெரியோரினின்று சிறியோர்க்கு வருதலே உலகியற்கை. இங்கோ அது தலைகீழாயிற்று. மகன் ஓதத் தந்தை கேட்டான்.

இம்முறை விரைந்து பரவுதற்கு உதவிற்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் குறையும் அதனுள்ளேயே இருந்தது. பொருளறியாச் சொல்லைப் பொருளறியாச் சிறுவன் கொண்டு சேர்த்தான். ஐயம் வினாவிய முதியவருக்கு விடைகூற அவனால் இயலாது. சவேரியார் ஊர்தோறும் கணக்கப்பிள்ளையரை அமர்த்தி ஊதியத்திற்கும் வழிசெய்தார். சாகுந்தறுவாயிலுள்ள குழவிக்குத் திருமுழுக்கு அளிக்கும் வாய்பாட்டை அவர்க்குக் கற்பித்தார். அவர் பெற்ற பயிற்சி ஏறத்தாழ அவ்வளவே. அவரைக் குறைகூறல் எம் நோக்கமன்று. நூலொன்றும் இல்லாத காலத்தில் அதற்கு மேல் எவர் செய்திருக்கக் கூடும்?

நூலில்லாக் குறையைத் தீர்த்தவர் 1546இல் இந்தியா போந்த அண்டிரிக் அடிகளார் ஆவர். 1578இல் கொல்லத்தில் அச்சேறிய தம்பிரான் வணக்கம் பதினாறு பக்கமே உடைய சிறு நூல். 1579இல் கொச்சியில் அச்சேறிய கிரிசித்தியானி வணக்கம் அதனினும் பெரிது. ஆசிரியனும் மாணவனும் வினாவியும் விடுத்தும் உரையாடுமாறு அமைந்தது. இதற்கு மூலம் மார்க்கோசு சோர்சு என்பார் போர்த்துக்கேயத்தில் சிறுவர்க்கென இயற்றிய நூல். சிறுவர்க்கு எழுந்த நூலே கடற்கரைத் தமிழருள் அனைவர்க்கும் பாடமாயிற்று என்பது கருதத்தக்கது. எனினும் அண்டிரிக் அடிகளார் அதனோடு அமைந்திலர். ஒப்புரவு செய்வார்க்கு உதவும் நூலொன்றையும், 1586இல் அடியார் வரலாறுகளைக் கூறும் பெருநூலொன்றையும் அச்சிடுவித்தார். சிறுவர்க்கு வினாவிடை, தம் வாழ்வைத் தாமே ஆராயும் வளர்ந்தோர்க்கு ஒப்புரவு நூல், கூடியிருந்து கேட்போர்க்குக் கதை என மூவகை நூலும் எட்டாண்டுக்குள் அமைந்தன. திட்டமிட்டே இவ்வாறு செய்தார் எனத் துணிந்துரைக்கச் சான்று காட்டல் அரிது. ஆனால் அமைந்தவாறு அதுவே. பிற்கால நூற்றாண்டுகள் இம்மூன்றனுள் முதலாவதை மட்டும் இறுகப் பற்றி, ஏனைய இரண்டையும் நெகிழவிட்டமை யாம் கீழே காட்டப்போவது.

வீரமாமுனிவரும் நன்னூலாரும்

மதுரைப் பகுதியில் 1606 முதல் பணியாற்றிய தத்துவ போதகர், கற்றோர் அவையில் வினாவெழுப்பி விடைகாணும் முறையில் ஞானோபதேச நூல்களை யாத்தார். அவை சிறுவர்க்குரியன அல்ல. தருக்கம் வல்லாரோடு சொல்லாடப் புகும் வேதியர்க்குக் கைந்நூல் போல்வன. அவர்தம் வடசொல் மிக்க நடை பின்வந்தோர்க்குச் சுமையாயிற்று என்பார் உளர். அக்கூற்று முற்றும் தவறன்று. ஆயினும் கடவுள், உயிர், வீடு என்பன பற்றி உரைநடையில் தொடர்ந்து வாதிக்கும் நெறியைத் தமிழிற் பயிற்றியோருள் அவர் முன்னவர் என்பதை மறத்தல் கூடாது.

1710இல் இந்நாடு போந்த வீரமாமுனிவரை அறிஞருலகு தேம்பாவணியாலும் சதுரகராதியாலும் தொன்னூல் விளக்கத்தாலும் அறியும். பரமார்த்த குருவின் கதையை அறியாதார் இலர். அவர் தம் பணிக்கு உயிர்நாடியாகக் கருதத்தக்க நூல் இவற்றுள் ஒன்றன்று; 1727ஆம் ஆண்டினதாகக் கொள்ளப்பெறும் வேதியர் ஒழுக்கமே அது. வேதியர் பணியின் சிறப்பும், அப்பணி பூண்டார்க்கு வேண்டும் நற்பண்புகளும் இதன் பொருள். தலைப்பினை நோக்குக. 'வேதியர் கல்வி' எனவோ 'வேதியர் கடமை' எனவோ அவர் பெயரிட்டிலர். ஒழுக்கம் என்றார். தமிழில் அச்சொல் ஒழுகுதல் என்னும் வினையடிப் பிறந்து, இடையறாது ஒரு நெறியிற் செல்லுதலைக் குறிக்கும். வள்ளுவர் ஒழுக்கமுடைமைக்கு ஓரதிகாரம் வகுத்தார். கற்றதைச் சொல்லுதல் ஆசிரியனுக்குப் போதாது, கற்றபடி நிற்றலே பிறர்க்குப் பாடமாகும் என்னும் கொள்கையைத் தலைப்பிலேயே முனிவர் வைத்துவிட்டார்.

இக்கொள்கை மேனாட்டினின்று மட்டும் வந்தது எனக் கொள்ளுதல் வேண்டா. நன்னூற் பொதுப்பாயிரம் கற்றார்க்குப் புதிதன்று. அங்கே நல்லாசிரியனுக்கு நிலமும் மலையும் துலாக்கோலும் மலரும் உவமையாயின. மாணாக்கரை முத்திறத்தாராக்கி, அன்னமும் ஆவும் தலைமாணாக்கர்க்கும், மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கும், இல்லிக்குடம், ஆடு, எருமை, பன்னாடை என்பன கடைமாணாக்கர்க்கும் உவமையாகக் கூறினார் பவணந்தியார். தொன்னூல் விளக்கம் யாத்த முனிவர் நன்னூலை நன்கு பயின்றவர். ஊர்ப்புற வேதியரை அவர் நோக்கிய பார்வையில் இப்பாயிரத்தின் நிழல் இருந்திருத்தல் வேண்டும் என்பது எம் ஊகம். ஊகம் என்றே கொள்க.

ஈண்டுக் கிளியைப் பற்றி ஒரு சொல். சொன்னதைச் சொல்லும் கிளியை நன்னூலார் கடையில் வையாது இடையில் வைத்தார். இக்காலக் கல்வியாளர் மனப்பாடத்தைக் கண்டாலே முகஞ்சுளிப்பர். ஞானோபதேசப் பயிற்சியின் வரலாற்றை எழுதுவோரும் வினாவிடை ஓதுவித்தலைப் பழிக்காமல் விடுவதில்லை. நன்னூலார் துலாக்கோல் போல நடுநின்று நிறுத்தார். ஓதித் தன்பால் வைத்துக்கொண்டவன் பின்னொருநாள் பொருளுணரக் கூடும். ஒழுகவிட்ட இல்லிக்குடத்திற்கு அந்த நாள் வருவதில்லை. முத்துக்குளித்துறைச் சிறுவர் ஓதிய மன்றாட்டுகள் நானூறாண்டு நிலைபெற்றமைக்கும் இதுவே காரணம். குறை மனப்பாடத்தில் இல்லை. கிளியை அன்னமாக்குதற்கு வேண்டும் அடுத்த படியை ஆசிரியர்க்குக் கற்பியாமையில் உள்ளது.

வீரமாமுனிவர் இந்நூல் எழுதிய ஆண்டுகளில் தஞ்சை நாட்டில் இருதிறச் சபையாரின் ஆசிரியரும் ஒரே ஊர்களில் நடமாடினர். தரங்கம்பாடியினின்று வந்த உபதேசிமார் ஒருபுறம். முனிவரின் வேதியர் மறுபுறம். முனிவரின் மறுப்பு நூல்கள் இப்போட்டியிற் பிறந்தவை. அவற்றின் கடுமொழி இன்று படிப்போர்க்கு உவப்பாகாது. ஆயின் அப்போட்டியே இருசாராரையும் தத்தம் ஆசிரியரை மேன்மேலும் பயிற்றத் தூண்டியது எனலாம்.

தரங்கம்பாடியில்

1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடியிற் கரையேறிய சீகன்பால்கு ஐயர், தமிழ் கற்ற முறை யாவரும் அறிந்ததே. திண்ணைப் பள்ளி ஆசிரியரைத் தம் இல்லத்திற்கே மாணாக்கரோடு வருவித்து, அச்சிறுவர் நடுவே தாமும் அமர்ந்து மணலில் விரலால் எழுத்தெழுதிப் பயின்றார். கற்பிக்க வந்தவர் சிறுவரோடு சிறுவராய்க் கற்றமை அவர்தம் பிற்காலப் பணி முழுவதற்கும் அடிப்படையாயிற்று. மறு ஆண்டே தமிழ்ச் சிறார்க்குப் பள்ளி அமைந்தது. பெண்மக்களுக்கும் அவ்வாண்டே பள்ளி தோன்றியது. லூத்தரின் சிறு ஞானோபதேசம் தமிழாயிற்று. 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி நிறைவுற்றது. 1716இல், ஆசிரியரும் உபதேசியாரும் ஆகத்தக்க தமிழ் இளைஞரைப் பயிற்றும் பள்ளியொன்று எட்டு மாணாக்கரோடு தொடங்கியது. மூன்றாண்டில் ஐயர் மறைந்தார், பள்ளி நின்றது. நின்றது என்பது நிலைபெற்றது என்னும் பொருளில்.

அரங்கேறிய செய்தி இதுவெனின், திரைக்குப் பின்னாற் கிடப்பது வேறு. ஐரோப்பியர் தஞ்சை மன்னர் நாட்டினுட் புகுதல் எளிதன்றாகலின், அங்குச் சபைகளை நடத்திய பொறுப்பு முழுவதும் உபதேசிமார்மேல் விழுந்தது. மழலையர்க்கு எழுத்தறிவித்தல், திருமுழுக்கு வேண்டுவார்க்குப் பாடஞ்சொல்லுதல், நோயாளர் பக்கல் அமர்தல், பிணம் அடக்குதல், வழக்குத் தீர்த்தல் யாவும் அவர் செய்தனர். பின்னர்த் தரங்கம்பாடிக்குச் சென்று கணக்கொப்புவித்தனர். ஆரோன் என்பார் 1733ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்தச் சபையில் தமிழருட் குருவானோருள் அவரே முதல்வர்.

இராசநாயக்கன் வரலாறோ வருந்தத்தக்கது. தஞ்சை மன்னர் படையில் வீரராயிருந்த இவர் கத்தோலிக்கக் குடியிற் பிறந்தவர். தமிழ்ப் புதிய ஏற்பாட்டுப் பகுதி கையெய்தப் பெற்று, அதனைத் தாமே பயின்று, பின் தரங்கம்பாடிச் சபையைச் சார்ந்து உபதேசியாராயினார். இன்னலும் அச்சமும் பொருட்படுத்தாது ஊரூராய்ச் சென்று பெருந்திரளாரைக் கற்பித்தார். இரண்டாவது தமிழ்க் குருவைத் தேர்ந்தெடுக்கும் காலம் வந்தபோது அவர் பெயர் எண்ணப்பட்டது, விடப்பட்டது. 1741இல் பட்டம் பெற்றவர் தியோகு என்பார். இராசநாயக்கன் பறையர் குலத்தவர் என்பதும், உயர்குலத்தினின்று வந்த சபையார் அவர் கையால் திருவிருந்து ஏலார் என்னும் அச்சமுமே காரணங்கள். கற்றலிற் குறையில்லை, கற்பித்தலிற் குறையில்லை, ஒழுக்கத்திற் குறையில்லை. ஆசிரியனை ஆயத்தம் செய்தல் என்பது அவனை மட்டும் ஆயத்தம் செய்தலன்று, அவனை ஏற்கும் அவையையும் ஆயத்தம் செய்தல் என்பதை அன்று உணர்ந்தும் செய்யாதுவிட்டனர். அவைக்குக் கற்பியாத ஞானோபதேசம் யாருக்குக் கற்பித்தது?

பாட்டும் கதையும்

எழுதப் படிக்க அறியாத முதியோர்க்கு நூல் பயன்படாது. கிரிசித்தியானி வணக்கம் முதலாக அச்சேறிய நூல்கள் எல்லாம் படித்துக்காட்டுவார் ஒருவரை வேண்டி நின்றன. இவ்விடர்ப்பாட்டைக் கடந்தவருள் தலையாயவர் தஞ்சை வேதநாயக சாத்திரியார். 1774இல் திருநெல்வேலியிற் பிறந்த இவர், இளமையிலே சுவார்சு ஐயரால் தஞ்சைக்கு அழைத்து வரப்பெற்று, தரங்கம்பாடியில் இறையியல் பயின்று, இளமை கழியாமுன்னரே தஞ்சைப் பயிற்சிப் பள்ளிக்குத் தலைமை பூண்டார். பெத்லகேம் குறவஞ்சி முதலிய இவர் நூல்களை இலக்கிய வகைமை நோக்கியே ஆய்ந்து வருகின்றோம். குறவஞ்சியும் நாடகமும் கும்மியும் அவர்க்குப் பாடமுறைகள். ஒரு கூட்டத்தில் குழவி தாயின் மடியில் தாளங்கேட்கும். சிறுவன் பல்லவியைப் பற்றிக்கொள்வான். கல்வி வல்லார் சிலேடையைச் சுவைப்பர். முதியவள் கதையை அறிவாள். வயதுதோறும் வகுப்புப் பிரிக்காமல் வயதனைத்தையும் ஓரவையில் வைத்துக் கற்பித்த இம்முறைக்குச் சாத்திரியார் தம் மாணாக்கரையும் பயிற்றினார். சமயப் பொருளை இசையோடு விரித்துரைக்கும் காலட்சேப மரபு கிறித்தவத் தமிழில் ஊன்றியமைக்கு இவரே பெருங்காரணர்.

பின்வந்த இளம் மேனாட்டுக் குருமாரோடு இவர்க்கு முரண் விளைந்தது. இரேனியசு ஐயரின் புதிய வேதாகம மொழிபெயர்ப்பு, திருவிருந்திற் குலவேறுபாடு பாராட்டக் கூடாது என்னும் கட்டளை, விழாக்களிற் பூ விலக்கு, இசைக்கருவியோடு பாடுதற்குத் தடை ஆகிய நான்கையும் அவர் எதிர்த்தார். இவற்றுள் குலவேறுபாட்டைக் காத்தற்கு அவர் நின்ற நிலையை யாம் ஏற்கவியலாது. இராசநாயக்கனுக்கு நேர்ந்ததை அறிந்த எவரும் ஏலார். ஆயின் இசையும் பூவும் பழகிய வேதமொழியும் மக்கள் நெஞ்சிற் பதிந்த பாடங்கள் என்று அவர் கூறியதில் உண்மை உண்டு. சரியொன்றும் தவறொன்றும் ஒருவரிடத்தே ஒரு வாக்கிலே கலந்து கிடத்தல் வரலாற்றில் அரிதன்று.

வகுப்பு சுருங்கியவாறு

1820இல் பாளையங்கோட்டை சேர்ந்த இரேனியசு ஐயர் உபதேசிமாரைக் காலமுறையிற் கூட்டி, பாடஞ்சொல்லி, வினாவி, திருத்தி அனுப்பினார். இறையியற் பொருளைத் தமிழிலேயே விரிவான நூலாகவும் எழுதினார். பணிசெய்துகொண்டே கற்கும் இம்முறை சிறந்தது எனவே கொள்வோம். ஊரில் முதியவர் கேட்ட ஐயம் அடுத்த கூட்டத்திற்குப் பாடமாய் வரும். 1840களில் போப்பையர் சாயர்புரத்தில் நிறுவிய பள்ளி வேறு திசை நோக்கியது. தமிழோடு இலத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் அங்குப் பாடங்களாயின. புலமை உயர்ந்தது. பிற்றை நாளில் திருவாசகத்தை ஆங்கிலத்திற் பெயர்த்த பேரறிஞரை இதற்காகக் குறைகூறுவார் யார்? எனினும் ஊரில் இருந்துகொண்டு கற்கும் உபதேசியார்க்கும், ஊரைவிட்டு வந்து கற்கும் மாணாக்கர்க்கும் இடையே இடைவெளி தோன்றிற்று.

இதே நூற்றாண்டில் ஓய்வுநாட் பள்ளி இயக்கம் வந்து சேர்ந்தது. 1780இல் இங்கிலாந்தின் கிளாசுடர் நகரில் இராபர்ட்டு இரைக்கிசு என்பார், வாரம் முழுதும் வேலைசெய்யும் ஏழைச் சிறார்க்கு எழுத்தறிவிக்கத் தொடங்கியதே அதன் தோற்றம். 1876இல் இந்திய ஓய்வுநாட் பள்ளி ஒன்றியம் அமைந்தது. கத்தோலிக்கரிடையே 1905இல் பத்தாம் பத்திநாதர் விடுத்த சுற்றுமடல், சிறுவர்க்கும் பெரியோர்க்கும் தனித்தனியே ஞானோபதேசம் கற்பிக்க வேண்டுமெனக் குருமாரைப் பணித்தது. 1910இல் அவரே முதல் நற்கருணைக்குரிய அகவையை ஏறத்தாழ ஏழாகக் குறைத்தார். இவை யாவும் நன்மை கருதிச் செய்தவை. விளைவோ கருதியதன்று. சிறுவர் வகுப்பு உறுதிப்பட்டது; பெரியோர் வகுப்புத் தாளிலே நின்றது. முதல் நற்கருணையோடும் திடப்படுத்தலோடும் ஞானோபதேசம் முடிந்ததென மக்கள் எண்ணலாயினர். கற்பிப்போரும் சிறார்க்குரியவராகவே தேர்வாயினர். குருமாணவர் மேடைப்பேச்சும் வழிபாட்டு முறையும் மறைநூலாய்வும் ஆண்டுக்கணக்கிற் கற்க, ஞானோபதேசம் ஞாயிறு காலை ஓரிரு மணிநேரம் உதவ முன்வந்த இளைஞர் கையில் விடப்பட்டது. அவர் அன்புக்குக் குறைவில்லை. அவரைப் பயிற்றுவாரே இல்லை.

பெண்டிர் பணியை ஒரு சொல்லிலேனும் குறித்தல் வேண்டும். வீட்டினுள் அடைந்திருந்த மகளிர்க்கு இல்லந்தோறும் சென்று வேதம் படித்துக்காட்டிய கிறித்தவ மகளிர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலர். பாட்டிக்கும் மருமகளுக்கும் பேத்திக்கும் ஒரே திண்ணையில் ஒரே பொழுதிற் கற்பித்தோர் இவர். எல்லா வயதினர்க்கும் கற்பித்தல் என்னும் சொற்றொடர்க்கு இவரினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. இவர் பெயர்கள் ஏடுகளிற் பெரும்பாலும் இல்லை.

சொல் மாறிய இடம்

வயதினரிடையே பிளவு நேர்ந்தமைக்கு வகுப்பு மட்டுமன்றிச் சொல்லும் காரணமாம். அண்டிரிக் அடிகளார் இறைவனைத் 'தம்பிரான்' என்றார். தத்துவ போதகர் 'சருவேசுரன்' என்றார். சீகன்பால்கு ஐயரும் அச்சொல்லையே கொண்டார். பப்பிரிசியசு ஐயர் 'பராபரன்' என மாற்றினார். 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் 'தேவன்' வந்தது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பிற் 'கடவுள்' அமர்ந்தது. ஏனைச் சொற்களும் அவ்வாறே. 'இசுபிரீத்து சாந்து' எனப் போர்த்துக்கேயச் சாயலோடு வழங்கியது 'பரிசுத்த ஆவி'யாகிப் பின் 'தூய ஆவி'யாயிற்று. 'பூசை' திருப்பலியாயிற்று. 'அர்ச்சிட்டர்' புனிதராயினார். 'பிரியதத்தம்' நீங்கி 'அருள்' நின்றது. 'தேவதிரவிய அனுமானம்' என்னும் நெடுந்தொடர் 'அருளடையாளம்' எனச் சுருங்கிற்று. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டிற்கு வழிதிறந்தபின் கத்தோலிக்கரிடையே இம்மாற்றம் விரைந்தது. தமிழுக்கு இதனால் ஊதியம் விளைந்தது என்பதே எம் துணிபு. தனித்தமிழ் உணர்ச்சி சமயத்துறையையும் தொட்டமை மகிழ்தற்குரியது.

ஆயினும் கடற்கரையூர் ஒன்றில் யாம் கண்ட காட்சியை இங்குக் கூறாமல் இயலவில்லை. மாலை மன்றாட்டின்போது ஒரே பாயில் மூவர் அமர்ந்திருந்தனர். எண்பது கடந்த பாட்டியார் பழஞ்சொற்களையே முணுமுணுத்தார். மகள் புதியதைச் சொல்லத் தொடங்கிப் பாதியிற் பழையதற்கு வழுவினார். பேத்தி புத்தகத்திலுள்ளபடி ஓதினாள். பேத்தி பாட்டியாரைத் திருத்தினாள். பாட்டியார் அடங்கினார், பின்னர் வாய்திறக்கவில்லை. சவேரியார் காலத்தும் சிறுவரே பெரியோர்க்குக் கற்பித்தனர். அன்று பெரியோர் பெறாததைச் சிறுவர் கொடுத்தனர். இன்று பெரியோர் வைத்திருந்ததைச் சிறுவர் பறித்தனர். அச்சிறுமி மேற் பிழையில்லை. பழஞ்சொல் வந்த வழியும் புதுச்சொல் வந்த காரணமும் அறிந்த ஆசிரியர் ஒருவர் அவ்வூரில் இருந்திருப்பின், 'பாட்டி சொல்வதும் இதுவே, நீ சொல்வதும் இதுவே' என இருவரையும் கூட்டியிருப்பார். வேதியர்க்குத் தமிழ்ச்சொல் வரலாறு வேண்டும் என யாம் கூறுவது இதுபற்றியே.

இக்காலத்து முயற்சிகள்

வளர்ந்தோர்க்குக் கற்பித்தலே ஞானோபதேசத்தின் தலையாய வடிவம் என 1971இல் உரோமைத் திருச்சபையின் பொது வழிகாட்டி வெளிப்படையாக அறிவித்தது. மறு ஆண்டு, திருமுழுக்கு வேண்டும் வளர்ந்தோரைப் படிப்படியாக ஆயத்தம் செய்யும் பண்டை முறை புதுப்பிக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிசு விடுத்த மடலொன்றால் வேதியர் பணி நிலையான திருப்பணியாக நிறுவப்பெற்றது. இருபாலாரும் அதனைப் பெறலாம். அம்மடலும் அப்பணியின் தொன்மையைத் தலைப்பிலேயே சுட்டுகின்றது. முத்துக்குளித்துறைக் கணக்கப்பிள்ளை முதலாக ஐந்நூறாண்டளவும் பெயரளவிற் கிடந்த பணி இங்ஙனம் உரிமை பெற்றது.

சீர்திருத்தச் சபைகளில், 1969இல் மதுரை அரசரடியில் உருவான தமிழ்நாடு இறையியற் கல்லூரி தமிழிலேயே இறையியல் கற்பிக்க முற்பட்டது. அங்குப் பணியாற்றிய தியோபிலசு அப்பாவு நாட்டுப்புற இசையையும் ஏழைமக்கள் பேச்சையும் வழிபாட்டிற்கும் பாடத்திற்கும் கொணர்ந்தார். இறையியல் ஏட்டில் மட்டும் வாழ்வதன்று, உழைப்பவர் வாய்மொழியிலும் வாழ்வது என்பது அவர் கொள்கை. 2005இல் அவர் மறைந்தார். சாத்திரியார் தஞ்சையில் தொடங்கி வைத்த வழியின் மறுமலர்ச்சியே இது. வேறுபாடு ஒன்று உண்டு; சாத்திரியார் காத்த குலவேறுபாட்டை அப்பாவு பாட்டாலேயே எதிர்த்தார். இராசநாயக்கனை ஏலாத அவைக்கு இருநூற்று அறுபது ஆண்டிற்குள் ஒருவர் பாடஞ்சொல்லத் தொடங்கினார் எனலாம்.

இனிச் செய்யத்தக்கதாக எம் கண்முன் நிற்கும் பணி ஒன்று. தம்பிரான் வணக்கம் முதல் இற்றை மறைக்கல்வி நூல்கள் ஈறாக, ஒவ்வொரு சமயக் கருத்திற்கும் வழங்கிய சொற்களைக் கால வரிசையில் தொகுத்து ஒரு சொல்லடைவு ஆக்கல் வேண்டும். சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்காய் வகுத்தது போல, இவ்வடைவும் நூல், ஆண்டு, சபை, வழங்கும் ஊர் என நான்காய் வகுக்கப்படலாம். ஊர்வழக்கைத் தொகுத்தற்கு எண்பது அகவை கடந்தாரே முதற்சான்றாளர். அவர் நினைவு ஏட்டினும் விரைந்து மறைவது. முதுகலை மாணாக்கர் சிலர் மணப்பாடு, புன்னைக்காயல் பகுதிகளில் இதனைத் தொடங்குதற்கு ஏற்பாடாகி வருகின்றது. அருளடையாளங்களுக்குரிய சொற்களே முதற்கண் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.